சாட்ஸ்வொர்த் பார்க் சரிவுல உன்னிச்செடி எடுக்கப் போறோம், பதிலுக்கு என்ன நடலாம்?

தாமிரபரணி_டர்பன்:

வணக்கம் மக்களே. நான் தென்னாப்பிரிக்காவுல டர்பன், அங்க சாட்ஸ்வொர்த், சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், வேலைக்குன்னு வந்து இங்கயே செட்டில் ஆயாச்சு. எங்க தெரு முடியற இடத்துல ஒரு பார்க் இருக்கு. மேல ஊஞ்சல், சறுக்குமரம் இருக்கிற சமதளத்துல மட்டும் புல் வெட்டுவாங்க, அதுக்குக் கீழ ஓடை வரைக்கும் இறங்குற சரிவை யாரும் திரும்பிக்கூட பாக்கறதில்ல. ஆளுயரத்துக்கு உன்னிச்செடி, நம்ம மலையடிவாரத்துல கெடக்குமே அதேதான், இங்க லான்டானாங்கிறாங்க. நடுநடுவுல சாம்பல் கலர்ல பெரிய இலையோட சுண்டைக்காய்ச் செடி கணக்கா ஒண்ணு, அதுக்கு பக்-வீட்னு பேராம். அப்புறம் பழைய மெத்தை, டயர், உடைஞ்ச டைல்ஸ், என்னென்னமோ. 2022 ஏப்ரல் வெள்ளத்துல சரிவோட ஒரு ஓரம் அப்படியே மண்ணோட எறங்கி ஓடைக்குள்ள போச்சு, அந்த இடம் இன்னும் வெறும் மண்ணாத்தான் நிக்குது.

கோயில் இளைஞர் குழுவும் பக்கத்து ஸ்கூல் டீச்சர்ஸும் சேர்ந்து இதை சுத்தம் பண்ணி செடி நடலாம்னு முடிவு பண்ணியிருக்கோம். வார்டு கவுன்சிலர் வாயால ஓகே சொல்லிட்டார், எழுத்துல இன்னும் ஒண்ணும் வரல. பிளான் என்னன்னா ஜூலை 18 மண்டேலா டே, அன்னிக்கு இங்க எல்லாரும் 67 நிமிஷம் பொதுவேலை செய்யறது வழக்கம், அதனால ஆள் கூப்பிடாமலே வரும், 67 நிமிஷத்துக்குன்னு வர்றவங்களை டீ குடுத்து மதியம் வரைக்கும் பிடிச்சு வச்சா ஒரே நாள்ல வெட்டி நட்டு முடிச்சுரலாம்.

இப்போ டவுட் என்னன்னா, உன்னியை வேரோட பிடுங்கணுமா வெட்டினா போதுமா? எடுத்த இடத்துல என்ன மரம் நடலாம்? கோயில் பெரியவங்க வேப்பமரமும் அரசமரமும் வேணும்ங்கிறாங்க, டீச்சர்ஸ் இந்த ஊர் மரம்தான் நடணும்ங்கிறாங்க, நான் நடுவுல மாட்டிக்கிட்டேன். பட்ஜெட்னு பெருசா ஒண்ணும் இல்ல. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

கொங்கு_ஜோபர்க்:

சூப்பர் தல. டிஎல்பி, அதான் ஜேசிபி மாதிரி மண் அள்ளுற வண்டி, ஒண்ணு வாடகைக்கு எடுத்து ஒரே நாள்ல வழிச்சு எடுத்துருங்க, கையால எல்லாம் வேலைக்கு ஆகாது. அப்புறம் வேம்பு, புங்கை, நாவல், ஓரத்துல அரளி. டர்பன் கிளைமேட்டுக்கு எல்லாம் பிச்சுக்கிட்டு வளரும், இங்க ஜோபர்க் பனியில தான் எங்களுக்கு ஒண்ணும் வரமாட்டேங்குது.

காட்டுக்கொடி:

தம்பி, நல்ல காரியம், ஆனா டிஎல்பியை மட்டும் உள்ள விட்டுறாதீங்க. ஏற்கனவே ஒரு தடவை சரிஞ்ச சரிவு அது. உன்னி நமக்கு வேண்டாத செடிதான், ஆனா இன்னைக்கு தேதிக்கு அந்த மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கிறது அதோட வேர்தான். மொத்தமா வழிச்சீங்கன்னா அக்டோபர் மழைக்கு மேல்மண் ஓடைக்குப் போயிரும், மிச்சம் இருக்கிற வெறும் மண்ணுல முதல்ல முளைக்கிறது மறுபடி உன்னியும் பக்-வீடும் தான், மண்ணுக்குள்ள அதோட விதை கொட்டிக் கெடக்கு.

நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல தாவரம் சம்பந்தமான வேலையில இருக்கேன், டர்பன் பக்கம் இந்த மாதிரி இடங்கள்ல வாலண்டியர்களோட இறங்கி வேலை செஞ்சிருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுத்துக்கோங்க.

சரிவுக்குக் குறுக்க பட்டை பட்டையா எடுங்க, ஒரு பட்டை வெட்டினா அடுத்த பட்டையை இந்த வருஷம் அப்படியே விட்டுருங்க. எங்க உள்ளூர் செடி கொஞ்சமாவது மிச்சம் இருக்கோ அங்க ஆரம்பிச்சு வெளிய வெளிய போகணும், மோசமான இடத்துல ஆரம்பிக்கணும்னு தான் எல்லாருக்கும் கை பரபரக்கும், அது வேஸ்ட். ஆஸ்திரேலியாவுல சிட்னி பக்கம் பிராட்லின்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேர் இப்படித்தான் நல்ல இடத்துல இருந்து கெட்ட இடத்தை நோக்கி களை எடுத்துட்டே போனாங்க, இன்னைக்கும் பிராட்லி முறைன்னு தான் சொல்றோம். மெதுவா தான் போகும். உங்க ஆளுங்களால திரும்ப வந்து பாத்துக்க முடியற அளவு மட்டும் திறங்க, அதுக்கு மேல ஒரு அடி கூட வேண்டாம்.

உன்னியை சும்மா வெட்டிவிட்டா ஒண்ணுக்குப் பத்தா தளிர்க்கும். இந்த ஊர்ல வழக்கமா வெட்டின அடிக்கட்டையில உடனே களைக்கொல்லி தடவுவாங்க, ஆனா பொது இடத்துல அதை வாலண்டியர் கையில குடுக்கக் கூடாது, அதுக்குன்னு ரெஜிஸ்டர் பண்ணின ஆள் வேணும், உங்களுக்கு ஓடை வேற பக்கத்துல. மருந்து இல்லாமலும் முடியும். டெல்லி யுனிவர்சிட்டி ஆளுங்க கார்பெட் புலிக்காப்பகத்துல செஞ்ச முறை, மண்ணுக்குக் கீழ 3லருந்து 5 சென்டிமீட்டர்ல, தண்டும் வேரும் சேர்ற முடிச்சுக்குக் கீழ, மம்பட்டியால ஆணிவேரை வெட்டணும், மண்ணைப் பெருசா கிளறாம. தூரை எடுத்துத் தலைகீழா கவுத்துப் போட்டுட்டா திரும்பத் தளிர்க்காது. கொஞ்சம் பழகணும், ஆனா டீனேஜ் பசங்க சீக்கிரம் பிடிச்சுப்பாங்க.

வெட்டின கிளையை எரிக்காதீங்க, லாரியில ஏத்தவும் வேண்டாம். நல்லா காஞ்ச பிறகு சரிவுக்குக் குறுக்க மட்டமா வரிசை வரிசையா அடுக்கி முளைக்குச்சி அடிச்சு நிறுத்துங்க, தண்ணி வேகம் குறையும், வர்ற மண்ணு அங்க தங்கும். பச்சையா போட்டீங்கன்னா ஈரத்துல தண்டே வேர் பிடிக்கும், அதனால காய விடணும்ங்கிறேன். காய் இருக்கிற கொப்பை மட்டும் தனியா பையில கட்டிருங்க. பக்-வீட் வெட்டும்போது மாஸ்க் கட்டாயம், அந்த இலையில இருக்கிற பொடி சுணை தொண்டைக்குள்ள போனா அன்னிக்கு பூரா இருமல்தான்.

மண்டேலா டே பத்தி. ஜூலைல டர்பன்ல மழை ரொம்பக் கம்மி, இங்க மழை அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும். வருஷா வருஷம் ஜூலை 18க்கு எத்தனையோ மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டுப் போறாங்க, செப்டம்பருக்குள்ள குச்சிதான் நிக்கும். அன்னிக்கு குப்பை அள்ளுங்க, களை எடுங்க, அதுக்கு அது சரியான நாள். அதுலயும் பாரஃபின் செடின்னு ஒண்ணு இருக்கும், குரோமோலீனா, இலையைக் கசக்கினா மண்ணெண்ணெய் மாதிரி வாடை, பச்சையா இருக்கும்போதே பத்தி எரியும். அது ஜூன் ஜூலைல பூத்து அப்புறம் விதையைக் காத்துல விடும், ஜூலைல வெட்டினா விதைக்கு முந்தி பிடிச்ச மாதிரி.

நடுறது பத்தி இப்ப ஒண்ணும் சொல்லமாட்டேன். ஒரு வேலை பண்ணுங்க, உன்னி இல்லாத இடமா, ஓரத்துல, பாறை பக்கத்துல, தனியா தெரியுற இடங்கள்ல என்ன இருக்குன்னு போட்டோ போடுங்க. புல்லா இருந்தாலும் பரவாயில்ல, புல்லோட பூங்கதிரை கிட்டத்துல எடுங்க.

கொங்கு தம்பிக்கு: அரளி, தங்க அரளி ரெண்டும் இந்த நாட்டு அன்னியச் செடி லிஸ்ட்ல 1பி, நடவும் கூடாது விக்கவும் கூடாது. நாவலும் கொய்யாவும் கூட லிஸ்ட்ல இருக்கு. 2014ல வந்த விதி, சும்மா பேப்பர்ல இருக்கிற விதி இல்ல. வேம்பும் அரசும் கோயில் வளாகத்துக்குள்ள வச்சுக்கட்டும், யாரும் கேக்கப் போறதில்ல. பார்க் சரிவு அதுக்கான இடம் இல்ல.

கொங்கு_ஜோபர்க்:

அரளி கூடவா?? சரிங்க அக்கா, நான் வாயை மூடிக்கிறேன் 😅 நாவல் இல்லாத ஊர்ல எப்படித்தான் இருக்கீங்களோ.

காட்டுக்கொடி:

நாவலோட சொந்தக்காரன் இந்த ஊர்லயே இருக்கான் தம்பி, அம்டோனி. அதே குடும்பம், அதே மாதிரி ஊதாப் பழம், நாக்குலயும் கறை பிடிக்கும். ஓடைக்கரையில தான் நிப்பான்.

பேவியூ_ஆயா:

தம்பி தாமிரபரணி, என் பேத்தி இந்தப் பேஜை காட்டினா. நான் எழுதற தமிழ் கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், சின்ன வயசுல தமிழ் ஸ்கூல்ல படிச்சது, இப்ப பேச ஆள் கம்மி. நான் மேகசின் பேரக்ஸ்ல பொறந்தவ, டர்பன் முனிசிபாலிட்டில வேலை செஞ்ச நம்ம ஜனங்க இருந்த லைன் வீடு அது. அறுபதுகள்ல எங்களை எல்லாம் அங்கிருந்து கிளப்பி சாட்ஸ்வொர்த்துல கொண்டாந்து விட்டாங்க, நான் அப்ப ஸ்கூல் போற பொண்ணு. நீ சொல்ற பார்க் எதுன்னு எனக்குத் தெரியும்னு நினைக்கிறேன், பேர் சொல்லல, நீயும் சொல்லாத, குப்பை கொட்டறவனும் இதைப் படிப்பான்.

நாங்க வந்தப்ப அங்க மரமே இல்ல கண்ணு. கீழ ஓடைகிட்ட மட்டும் கொஞ்சம் மரம், காட்டு வாழை, மத்ததெல்லாம் புல்லு. முழங்கால் உயரத்துக்குப் புல்லு, வெயில் காலத்துல செவப்பா ஆயிடும், அதுல அட்டைப்பெட்டியைக் கிழிச்சுப் போட்டு உக்காந்து பசங்க மேலருந்து கீழ வரைக்கும் வழுக்கிட்டு வருவாங்க, பாவாடை கிழிஞ்சு எங்கம்மா கிட்ட நான் வாங்கின அடி எனக்குத் தான் தெரியும். குளிர் காலத்துல யாராவது நெருப்பு வச்சிடுவாங்க, ஃபுல்லா கருப்பாப் போயிடும், அப்புறம் பாத்தா மஞ்சளா நட்சத்திரம் மாதிரி சின்ன சின்னப் பூவு தரையோட தரையா வரும். சுலு பாட்டிங்க சில பேர் வந்து அந்தப் பூச்செடிக் கிழங்கைத் தோண்டி எடுத்துட்டுப் போவாங்க மருந்துக்கு. உன்னி எல்லாம் அப்புறம் வந்தது. ஜனங்க தோட்டம் போட்டாங்க, விட்டாங்க, பிள்ளைங்க வீடு மாறிப் போனாங்க, அப்ப வந்தது.

ஆனா ஒண்ணு சொல்றேன். அங்க சிரிங்கா மரம் நிக்குதே, வேப்பிலை மாதிரியே இலை இருக்கும், அதை வெட்டறேன்னு நிக்காதீங்க. இங்க வேப்பிலை எல்லார் வீட்லயும் இல்ல, அம்மனுக்குக் கஞ்சி ஊத்தறப்ப எங்க வீட்ல எங்க மாமியார் காலத்துல இருந்து சிரிங்கா கொப்பு தான். அதை வெட்டினா நாங்க எங்க போறது?

தாமிரபரணி_டர்பன்:

ஆயா, நீங்க எழுதினதைப் படிச்சிட்டு நேத்து சாயங்காலம் போய்ப் பாத்துட்டு வந்தேன். சரிவோட மேற்கு முனையில, பாறை தலைதூக்குற இடத்துல, உன்னி ஏறாத ஒரு துண்டு இருக்கு, டென்னிஸ் கோர்ட்ல பாதி இருக்கும். அங்க கொத்து கொத்தா புல்லு, கதிர் எல்லாம் செம்பழுப்பா தலை குனிஞ்சு தொங்குது. அது நடுவுல மூணு பக்கமா விரிஞ்ச நீள இலையோட ஏதோ கிழங்குச் செடி, பூ இப்ப இல்ல. வெள்ளி மாதிரி முடி மூடின இலையோட ஒரு சின்னச் செடி, தொட்டா நல்ல வாசனை. போட்டோ எல்லாம் போட்டிருக்கேன். காட்டுக்கொடி அக்கா பாத்து சொல்லுங்க. இது நாள் வரைக்கும் அதை வெறும் காஞ்ச புல்லுன்னு நினைச்சுட்டு அதுமேல தான் பசங்க பைக்கை நிறுத்துவாங்க.

காட்டுக்கொடி:

முதல்ல பைக்கை வேற எங்கயாவது நிறுத்தச் சொல்லுங்க.

தம்பி, உங்க சரிவு காடு இல்ல, புல்வெளி. ஆயா சொன்னதுலயே எல்லாம் இருக்கு, செவக்கிற புல், குளிர்கால நெருப்பு, அதுக்குப் பின்னாடி மஞ்சள் நட்சத்திரப் பூ. நீங்க போட்ட செம்பழுப்புக் கதிர் தெமேடா, சுலுல இன்சின்டே. மூணு வரிசையா இலை விரியறது ஹைப்பாக்ஸிஸ், ஆப்பிரிக்கன் பொட்டேட்டோன்னு மருந்துக்கடை எல்லாத்துலயும் விக்கிறாங்களே அதேதான், சுலுல இன்கோம்ஃபே. வார்விக் ஜங்ஷன் மூலிகை மார்க்கெட் போனீங்கன்னா அந்தக் கிழங்கு குவிச்சு வச்சிருப்பாங்க. வாசனை இலை ஹெலிகிரைசம் வகைன்னு தோணுது, இம்ஃபெஃபோ, சுலு மக்கள் முன்னோரைக் கும்பிடும்போது நாம சாம்பிராணி போடற மாதிரி அதைப் புகைப்பாங்க. இனம் எதுன்னு பூ வந்தா தான் உறுதியா சொல்ல முடியும்.

டர்பனைச் சுத்தி இருந்த கடலோரப் புல்வெளி எல்லாம் எங்க போச்சுன்னு நினைக்கிறீங்க? பெரும்பாலும் கரும்புக்குப் போச்சு. 1860 நவம்பர் 16 ட்ரூரோ கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து நின்னுச்சே, அதுல வந்தவங்களையும் பின்னாடி வந்தவங்களையும் இறக்கிவிட்டது அந்தக் கரும்புத் தோட்டத்துல வேலை வாங்கத்தான். மிச்சம் இருந்ததை ரோடும் வீடும் எடுத்துக்கிச்சு. ஒருதரம் உழுதுட்டா புல்லு திரும்ப வரலாம், ஆனா கீழ கிழங்கு வச்சிருக்கிற பூச்செடிங்க லேசுல திரும்பாது. அதனால உழாம தப்பிச்ச அரை டென்னிஸ் கோர்ட் கூட பெரிய விஷயம். மரம் நட்டா நிழல் விழுந்து அதுவும் போயிரும். இந்த இடத்துல மரம் நடறதும் ஒரு வகை அழிப்பு தான், கோவப்படாதீங்க, டீச்சர்ஸ் கிட்டயும் சொல்லுங்க.

அதனால என் யோசனை: பாறைப் பக்கத்துத் துண்டை மையமா வச்சுக்கோங்க. அதைச் சுத்தி ஓரத்துல இருக்கிற உன்னியை மட்டும் இந்த ஜூலைல எடுங்க. அங்க எதுவும் நட வேண்டாம், பக்கத்துப் புல்லு தானா நகர்ந்து வரும், வெயில் பட்டா போதும். வர்ற கோடையில அதே புல்லுல விதை பழுத்ததும் கையால உருவி கிளறாத மண்ணு மேல தூவுங்க, முழுசையும் உருவிறாதீங்க, முக்காவாசியை அங்கயே விடுங்க. வெளியில இருந்து விதை வாங்காதீங்க.

நெருப்பு வைக்கிறது ஊருக்குள்ள நடக்காத காரியம், அதுக்குப் பதிலா ஆகஸ்ட் கடைசியில, புதுத் தளிர் வர்றதுக்கு முன்னாடி ஒரு தடவை புல்லை வெட்டி, வெட்டின புல்லை வாரி வெளிய எடுத்துரணும். வாராம விட்டா மூடிப் போய் கீழ இருக்கிறது மூச்சு முட்டும்.

மண்ணு சரிஞ்ச இடம் தனிக் கதை. அங்க சாக்கு விரிச்சு ஆணியடிச்சு, குறுக்க கொப்பு வரிசை கட்டி, மழை வந்ததும் அருகம்புல் துண்டு துண்டா ஊனுங்க. அருகு நம்ம பிள்ளையாருக்கு மட்டும் இல்ல, ஆப்பிரிக்காவுக்கும் சொந்தம் தான். தண்ணி ரொம்ப வேகமா வர்ற இடமா இருந்தா மேல ரோட்டுத் தண்ணி எங்க விழுதுன்னு பாருங்க, பாதி சரிவு சரியறதுக்குக் காரணம் செடி இல்லாதது இல்ல, ரோட்டுல இருந்து குழாய் வழியா ஒரே இடத்துல கொட்டுற தண்ணி. அதை முனிசிபாலிட்டி இன்ஜினியர் தான் பாக்கணும், மம்பட்டியால தீர்ற விஷயம் இல்ல.

மரம் நட்டே ஆகணும்னா கடைசி கீழ்ப்பகுதி, ஆயா சொன்ன ஓடைக்கரை. அம்டோனி, மிட்ஸீரி, காட்டு வாழை. கோரல் ட்ரீ கொம்பு வெட்டி ஊனினாலே வந்துரும், நம்ம கல்யாணமுருங்கைக்குச் சொந்தம், பசங்களுக்குக் காட்ட நல்லா இருக்கும். பார்க் பக்கம் வேலி ஓரத்துக்கு அமட்டுங்குலு, களாக்காய்க்குச் சொந்தம், முள்ளு இருக்கிறதால குப்பை கொட்டறவன் உள்ள வரமாட்டான், பழமும் திங்கலாம். சாட்ஸ்வொர்த்துலயே சில்வர்கிளென் ரிசர்வ் இருக்கு, அங்க முனிசிபாலிட்டியோட மூலிகை நர்சரி இருக்கு, போய்ப் பேசுங்க. ரிசர்வ்ல புல்வெளியும் காடும் ரெண்டும் இருக்கு, பசங்களை ஒரு தடவை கூட்டிட்டுப் போனா உங்க சரிவு எப்படி ஆகணும்னு கண்ணால பாத்துப்பாங்க.

ஆயாவுக்கு: சிரிங்காவும் அன்னிய மரம் தான் ஆயா, பறவை பழத்தைத் தின்னு எல்லா இடத்துலயும் போடுது. ஆனா ஊருக்குள்ள ஏற்கனவே நிக்கிற மரத்தை விட்டு வைக்கச் சட்டம் இடம் குடுக்குது, புதுசா நடக்கூடாது, பரவ விடக்கூடாது, அவ்வளவு தான். ஓடைக்கரையில நிக்கிறதுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்ல, அது போகணும். மேல பார்க் ஓரத்துல நிக்கிறது இருக்கட்டும், அதுக்கடியில முளைக்கிற கன்னை மட்டும் வருஷா வருஷம் பிடுங்கணும். கோயில்ல ஒரு வேம்பு இப்பவே வச்சீங்கன்னா உங்க பேத்தி காலத்துக்கு ஆகும்.

பேவியூ_ஆயா:

மேல நிக்கிறது தான் எங்களுக்கு வேணும். கீழ இருக்கிறதை எடுத்துக்கோ. கன்னு பிடுங்கற வேலையை எங்க ஞாயித்துக்கிழமை பஜனைக் குழு பொம்பளைங்க பாத்துப்போம்.

வெறுப்பேத்தாதே:

எல்லாம் கேக்க நல்லா தான் இருக்கு. நானும் டர்பன் தான், வேற ஏரியா, எங்க தெருவுலயும் இதே மாதிரி ஆரம்பிச்சோம். கன்னு எல்லாம் நல்லா பிடிச்சு இடுப்பு உயரம் வந்தப்ப புல் வெட்டற கான்ட்ராக்ட் ஆளுங்க பிரஷ்கட்டர் தூக்கிட்டு வந்து ஒரே காலையில எல்லாத்தையும் சீவிட்டுப் போய்ட்டாங்க. அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, இத்தனை மீட்டர் வெட்டினா இத்தனை காசு, எது களை எது கன்னுன்னு யார் சொன்னா. அதுக்கப்புறம் ஒருத்தரும் வரல. முதல் நாள் கூட்டம் வரும் தம்பி, மூணாவது மாசம் நீயும் உன் மம்பட்டியும் தான். குப்பையைப் பத்தி யாருமே பேசல, அள்ளின மறுநாள் பக்கி (இங்க பிக்கப் வண்டிக்கு அதான் பேரு) நிறைய கொண்டாந்து கொட்டுவான்.

காட்டுக்கொடி:

நீங்க சொல்றது ரொம்ப சரி, இதுல தான் பாதி முயற்சி சாகுது. வாய் ஓகே போதாது தம்பி, பார்க்ஸ் ஆபீஸ்ல இருந்து எழுத்துல வாங்குங்க, அதோட ஒரு ஸ்கெட்ச், எது வரைக்கும் வெட்டலாம் எதுக்கு மேல வெட்டக்கூடாதுன்னு கோடு போட்டு. டர்பன்ல டிமோஸ்னு திறந்தவெளிப் பகுதிகளுக்கு ஒரு வரைபடம் வச்சிருக்காங்க, உங்க சரிவும் ஓடையும் அதுக்குள்ள வருதான்னு கேளுங்க, வந்தா உங்க பேச்சுக்கு எடை கூடும். அந்தக் கோட்டை தரையிலயும் காட்டணும், பாறாங்கல்லையோ மரக்கட்டையையோ வரிசையா போட்டுட்டா பிரஷ்கட்டர் ஆள் தானா அங்க நின்னுருவான், போர்டு எல்லாம் யாரும் படிக்கிறதில்ல. ரோட்டு ஓரத்துலயும் அதே மாதிரி பெரிய கல்லு, பக்கி உள்ள ஏற முடியாத இடைவெளியில.

ரோஸ்ஹில்_தம்பி:

மொரீஷியஸ்ல இருந்து எழுதறேன். எங்க தீவுல நல்ல நிலையில இருக்கிற சொந்தக் காடு 2 சதவீதம் கூட இல்லன்னு சொல்லுவாங்க, மிச்சத்தை எல்லாம் சீனக் கொய்யாவும் பிரிவெட்டும் ராவெனாலாவும் பிடிச்சிருச்சு. நான் வாலண்டியரா களை எடுக்கப் போயிருக்கேன், அதை வச்சு ஒண்ணு சொல்றேன். களை எடுத்து முடிச்ச துண்டுல அடுத்த வருஷம் போய்ப் பாத்தா கொய்யாக் கன்னு பாய் விரிச்ச மாதிரி நிக்கும். அதைப் பிடுங்கினா அதுக்கடுத்த வருஷம் பாதி, அப்புறம் அதுலயும் பாதி. முதல் தடவை எடுத்ததோட விட்டா எடுக்காம இருந்ததை விட மோசம், ஏன்னா வெளிச்சம் உள்ள விட்டுட்டோம்ல. அதனால புதுத் துண்டு திறக்கிறதுக்கு முன்னாடி பழைய துண்டைப் பிடுங்கி முடிக்கணும்னு விதியே வச்சிருக்காங்க. காட்டுக்கொடி அக்கா சொன்ன அதே கணக்கு தான்.

இன்னொண்ணு, ஜனங்க பகை. சீனக் கொய்யா சீசன்ல குடும்பம் குடும்பமா காட்டுக்குள்ள போய்ப் பறிச்சு உப்பு மிளகாய் தொட்டுத் திம்போம், அதை வெட்டறேன்னு சொன்னா எங்க வீட்லயே சண்டை. ஈல் ஒ ஸெக்ரெத்னு ஒரு குட்டித் தீவு, 26 ஹெக்டேர், அங்க கையால களை எடுத்து எடுத்து எபனி மரக்காட்டை மீட்டு வச்சிருக்காங்க, டூரிஸ்ட் கூட்டிட்டுப் போறாங்க. அங்க நேர்ல போய்ட்டு வந்த பிறகு தான் எங்கப்பா கொய்யாவைப் பத்திப் பேசறதை நிறுத்தினார். சில்வர்கிளெனுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு அக்கா சொன்னதை விட்டுறாதீங்க, முக்கியமா பெரியவங்களைக் கூட்டிட்டுப் போங்க, பசங்க எப்படியும் ஒத்துப்பாங்க.

தாமிரபரணி_டர்பன்:

எல்லாருக்கும் நன்றி, மண்டை கிறுகிறுங்குது. பிளானை மாத்திட்டோம். ஜூலைல குப்பையும், பாறை பக்கத்துல ஒரே ஒரு பட்டை உன்னியும் மட்டும். நட்டு போட்டோ எடுக்கணும்னு நினைச்சவங்க கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கிட்டாங்க, அவங்களுக்கு செப்டம்பர் ஆர்பர் வீக்ல, அதான் இங்க மரம் நடற வாரம், ஓடைக்கரையில அம்டோனி நடற வேலையைக் குடுத்தாச்சு. டீச்சர்ஸ் அந்தப் புல்வெளித் துண்டைச் சதுரம் சதுரமா பிரிச்சு ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒண்ணு, மாசம் ஒருதரம் கன்னு பிடுங்கறது அவங்க பொறுப்புன்னு சொல்லிட்டாங்க, வெறுப்பேத்தாதே அண்ணன் சொன்ன மூணாவது மாசக் கவலைக்கு இதை விட நல்ல வழி எனக்குத் தோணல. பார்க்ஸ் ஆபீஸுக்கு லெட்டர் போட்டாச்சு.

கடைசியா ஒரு டவுட். பாம்பு. எங்க ஆளு ஒருத்தர் உன்னிப் புதர்னாலே பிளாக் மாம்பா தான்னு சொல்லி பாதிப் பேரைப் பயமுறுத்தி வச்சிருக்கார். உண்மையா?

காட்டுக்கொடி:

உண்மைதான், டர்பன்ல மாம்பா உண்டு, குளிர்காலம் அதுங்க இணை சேர்ற காலம் வேற, அதனால ஜூலைல கவனமா இருக்கணும். ஆனா ஆளைத் துரத்திட்டு வர்ற பாம்பு இல்ல, சத்தம் கேட்டா விலகிப் போகும். காலையில ஒம்பது மணிக்கு மேல, வெயில் ஏறின பிறகு ஆரம்பிங்க, முதல்ல ரெண்டு பெரியவங்க நீளக் கம்பால தட்டிட்டே போகட்டும். மெத்தை, தகரம், டைல்ஸ் குவியல் இதுக்கடியில யாரும் கையை விடக்கூடாது, தூக்கும்போது உங்க பக்கமா தூக்கணும், அப்பத்தான் அடியில இருக்கிறது எதிர்ப்பக்கமா போகும். மூடின ஷூ, தடிமனான கிளவுஸ், பேன்ட். ஏரியா பாம்பு பிடிக்கிறவர் நம்பரை முன்கூட்டியே வாங்கி எல்லார் போன்லயும் போட்டு வைங்க. குப்பை எடுக்கிற வேலையில சின்னப் பசங்க வேண்டாம், ஊசி கெடக்கும், அவங்களுக்கு வாரி வச்ச கொப்பை அடுக்கற வேலை குடுங்க.

பேவியூ_ஆயா:

டீ எங்க வீட்ல. கேட் திறந்திருக்கும், டாய்லெட்டும் அங்கயே போங்க, ஓடைக்குப் போகாதீங்க. மதியத்துக்கு பீன்ஸ் பன்னி சௌ, ரொட்டியைக் குடைஞ்சு உள்ள பீன்ஸ் குழம்பு ஊத்தறது, எத்தனைன்னு முந்தின நாள் சொல்லிடு தம்பி, அன்னிக்கு காலையில கேட்டா கிடைக்காது.

தாமிரபரணி_டர்பன்:

40 சொல்லி வைங்க ஆயா. கூடினா நானே ரொட்டி வாங்கிட்டு வந்துடறேன்.